பாதி வீட்டுக்கு மருந்து

கோமதிநாயகம் போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்:
"பாதி வீட்டுக்குப் போதும்வே.
மறுபாதி தங்கச்சி பங்கு.
அங்கன ஒரு சொட்டு விழப்பிடாது."

முருகன்குறிச்சியில் பழைய ஓட்டு வீடு.
கூடத்துக்கு நடுவே ஒரு ப்ளைவுட் தடுப்பு,
ரோஸ் பெயின்ட்.
பதிமூன்று வருஷத்து வழக்கில்
கோர்ட்டு கமிஷனர் நூல் பிடித்து நிறுத்தியது.
அடியில் ஒரு விரற்கடை சந்து.

டாங்க்கை முதுகில் ஏற்றிக்கொண்டு
நான் அடுப்படிக்குள் நுழையவும்
ஒரு கரப்பான் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு
அந்தச் சந்து வழியே ஆவுடையம்மாள் பங்குக்குப் போயிற்று.
மீசை மட்டும் கொஞ்சநேரம்
இந்தப் பக்கம் ஆடிக்கொண்டிருந்தது.

"தலைய நசுக்கும்வே, தலைய!"

தலை போனால் அதற்கு ஒன்றும் போகாது அண்ணாச்சி.
மூச்சு விலாத் துளையில் ஓடுது.
தலையில்லாமலே ஒரு வாரம்கூட நடமாடும்.
கடைசியில் தாகத்தில் சாகும்,
தண்ணி குடிக்க வாயில்லாமல்.

அவர் யோசித்தார்.
"எங்க கேஸும் அப்படித்தாம்வே நடக்கு."

சர்க்கரை டப்பாவிலிருந்து சன்னல்வரை எறும்பு வரிசை.
அம்புட்டும் பொம்பளையள் என்றேன்.
சுமக்கிறது, பிள்ளை பார்க்கிறது,
சண்டை வந்தால் முதல் ஆளாய்ப் போகிறது.
ஆண் எறும்பு சிறகோடு பிறந்து
ஒரே ஒரு கலியாணத்துக்குப் போகும்,
பிறகு அதிகநாள் இருக்காது.

தடுப்புக்கு அந்தப் பக்கம்
யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம்.
அண்ணாச்சி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

ஒரு ஈ அவருடைய டீ டம்ளர் விளிம்பில் உட்கார்ந்தது.
ஈக்கு ருசி காலில்.
மிதித்த நொடியே தெரிந்துவிடும்.
அண்ணாச்சிக்குச் சர்க்கரை வியாதி,
டீயில் இனிப்பில்லை.
ஈ எழுந்து தடுப்புக்கு மேலே பறந்துபோனது.
அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்,
தலை நிமிர்ந்தபடி,
நான் மூலை மூலையாய் அடித்து முடிக்கும்வரை.

வாசலோரம் சீல் வைத்த அறையை மட்டும் தொடவில்லை.
உள்ளே அப்பா படுத்த கட்டில் இருக்காம்.
மூட்டைப்பூச்சி மாதக்கணக்காய்ப் பட்டினி கிடக்கும்,
ஆள் மூச்சுக்காகக் காத்து.
அதை நான் சொல்லவில்லை.

கடைசியாகத் தடுப்பு.
மரம் என்றால் தட்டிப் பார்ப்பது பழக்கம்.
தட்டினேன்.
விரல் உள்ளே போய்விட்டது.

இரண்டு பக்கமும் பெயின்டை மட்டும்
மிச்சம் வைத்திருந்தது கரையான்.
வேலைக்காரக் கரையானுக்குப் பெரும்பாலும் கண் கிடையாது,
எது யார் பங்கு என்று பார்ப்பதற்கு.
கரப்பானும் அதுவும் ஒரே கொடிவழி அண்ணாச்சி,
சொந்தம்.
எங்கோ மண்ணுக்கடியில் அதன் ராணியும் ராஜாவும்
வருஷக்கணக்காய் ஒரே அறையில்.

"ஒரே அறையிலயா?"

கேட்டது துளைக்கு அந்தப் பக்கத்துக் குரல்.
குரலோடு ஒரு மணமும் வந்தது.
சொதிக்குத் தேங்காய்ப்பால் சூடாகிறது.
அண்ணாச்சி மூக்கை உறிஞ்சினார்.
"இஞ்சி கூடிப்போச்சு,"
என்றார் என்னைப் பார்த்து.

"கூடலன்னு சொல்லும்வே அவுகள்ட்ட,"
என்றது தடுப்பு, என்னிடம்தான்.

விரலை எடுக்கப் பயமாய் இருந்தது.
எடுத்தால் விழுந்துவிடுமோ என்று
ஒரு கையால் பில் புத்தகத்தைப் பிரித்தேன்.
கரையானுக்குத் தனி ரேட்டு.
பாதித் தடுப்புக்கு அடிக்க முடியாது.
"யார் பேருக்குப் போட?"

இரண்டு பக்கமும் பதில் இல்லை.
எங்கோ பிரஷர் குக்கர் ஒருதரம் கூவியது.

அந்த பில் இன்னும் என் சட்டைப்பையில்தான்.
தேதி மட்டும் போட்டிருக்கிறேன்.