மிதி

காக்கி புக்கிட், நாலாம் மாடிப் பட்டறை.
ஒற்றைக் கண்ணைத் திறந்துகொண்டு கிடக்கிறது மாஸ்டா.
வலது விளக்கு எழும்ப மறுத்து
மூன்று வாரம்.

எனக்குச் சிவப்பு அடிக்க ஆசை.
சுப்பியான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.
கம்பளத்தை உரித்தார்.
இருக்கைக்குப் பின்னால், கதவோர மூலையில்
முப்பது வருஷ மழை.
ஸ்க்ரூடிரைவரை வைத்தார், அழுத்தக்கூட இல்லை,
உள்ளே போய்விட்டது.
ஓட்டை வழியே பட்டறைத் தரை தெரிந்தது,
ஒரு சிகரெட் துண்டும்.

"உன் சீட் பெல்ட்டைப் பிடித்திருப்பது
இந்தத் தகரம்தான்."

பெயிண்ட் அட்டையைப் பைக்குள் வைத்தேன்.

பிறகு வெல்டிங். பிறகு ஒசாக்காவிலிருந்து
பிரேக் குழாய், தப்பான அளவில்.
மறுபடியும் ஒசாக்கா.
பழைய குழாயைக் கத்தியால் பிளந்து காட்டினார்:
வெளியே நல்ல பிள்ளை,
உள்ளே வீங்கித் தொண்டை அடைத்திருந்தது.
இதை நம்பியா
தீவு விரைவுச்சாலையில்
மணல் லாரிகளை முந்தினேன்?

ஞாயிறு இரவு, பதினொன்று தாண்டி.
மழை ஓய்ந்த மொட்டைமாடிக் கார்ப்பேட்டை,
எங்களைத் தவிர ஒரு வேன்.
நாற்பதில் போய் மிதி என்றார்,
பிளாஸ்டிக் பையில் கட்டிய தே ஓவை
விரலில் தொங்கவிட்டபடி.

மிதித்தேன்.

தே முன்னால் ஆடியது.
இடப்பக்கம் இல்லை, வலப்பக்கம் இல்லை,
நேராக.
ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"இன்னொரு தடவை" என்றார்,
ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுக்காமல்.

வண்டி இன்னும் திட்டுத்திட்டாகப் பழுப்புதான்.
வலது கண்ணைச்
செவ்வாய்க்கிழமை பார்க்கலாமாம்.