பதினேழாவது வரி

செயின்ட் லூயிஸில், நதியைப் பார்த்த அந்த விடுதி
எங்கள் பட்டியலில் பதினேழாவது வரி.
நேரில் பார்த்ததில்லை நான்.
மேரிலாந்தில், சமையலறை மேசையில்,
கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு
அதன் ஒரு நாள் செலவைக் கணக்கிடுவேன்.

ஏப்ரலில் விருந்தினர் மூன்று.
மூன்று சதவீதமல்ல, மூன்று பேர்.
திரும்பிப் போக விமானம் கிடைக்காத ஒரு மர வியாபாரி,
வீட்டுக்குப் போனால் பிள்ளைகளுக்குத் தொற்றிவிடுமோ என்று
அஞ்சிய இரண்டு செவிலியர்.

திங்கள்தோறும் லானி ப்ராடிகன் போனில் வருவார்.
தலைமைப் பொறியாளர்; இப்போது ஒரே பொறியாளர்.
"தண்ணீர் திறக்க ஆரம்பித்துவிட்டேன்" என்பார்.
நின்ற நீரில் கிருமி பிறக்கும்.
அறை அறையாய்ப் போய்
ஷவர், வாஷ்பேசின், கழிப்பறை என்று
ஐந்து நிமிடம் ஓடவிட்டு மூட வேண்டும்.
நானூற்றுப் பன்னிரண்டு அறைகள்.
முடிப்பதற்குள் சனிக்கிழமை வந்துவிடும்.
மறுபடி இரண்டாம் மாடி.

யாரும் குளிக்காத அந்த நீருக்கும்
என்னிடம் ஒரு கட்டம் உண்டு:
"இதர."

முதலீட்டு அறக்கட்டளை என்று பெயர்.
அறம் எந்தப் பத்தியில் என்று யாரும் கேட்டதில்லை.
லாபத்தில் நூற்றுக்குத் தொண்ணூறைப்
பங்குதாரருக்குக் கொடுத்துவிடு என்கிறது சட்டம்.
லாபமே இல்லாத அந்த ஆண்டில்
சட்டத்தை அப்பழுக்கில்லாமல் கடைப்பிடித்தோம்.

பங்குக்கு ஒரு சென்ட் அனுப்பினோம், பேருக்கு.
டுலூத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்ந்த ஒருவர்
காசோலையைத் திருப்பி அனுப்பினார்.
உறையின் பின்னால் பென்சிலில்:
"தபால்தலைக்கு உதவும், வைத்துக்கொள்ளுங்கள்."

எங்கள் நிதித் தலைவர் மார்கிட் ஆல்ஸ்ட்ரம்
ஒன்பது வங்கிகளோடு பேசினார்.
திரையில் ஒன்பது சதுரம், ஒன்பது முகம்,
ஒருவரின் முதுகுக்குப் பின்னால் குழந்தை அழுகை.
வெறுங்கை முழம் போடாது என்பது
வங்கிக்கும் தெரியும்.
கையை வெட்டிவிட்டால் நாளைக்கு
முழம் போட ஆளில்லை என்பதும்.
அடுத்த கோடை வரை பொறுத்துக்கொண்டார்கள்,
வட்டியில் கால் சதவீதம் கூட்டி.

டாம்பாவில் ஒன்று, டெய்டனில் ஒன்று என
இரண்டு விடுதிகளை விற்றோம்.
தன் பலகையைத் தானே எரித்துக்
குளிர்காய்ந்தபடி கடல் கடக்கும் கப்பல்.
அந்த வாரம் பங்கு விலை ஏறியது.

"அறைப் பராமரிப்பு, சம்பளம்" என்ற கட்டத்தில்
அறுபத்தெட்டை அழித்து நான்கு என்று அடித்தேன்.
விரல் வலிக்கவில்லை.

மே மாதம் லானி சொன்னார்:
1428-இல் மூன்று வாரமாய்ச் சொட்டியிருக்கிறது,
கீழே மூன்று மாடிக்கு ஈரம்.
அந்தக் குழாயைச் சற்றே மேலே தூக்கித்
திருகினால்தான் நிற்குமாம்.
பதினான்காம் மாடியைப் பதினோரு வருடம் துடைத்த
செனாடா ஹோஜிச்சுக்குத் தெரியும்.
அழித்த அறுபத்து நான்கில் அவளும் ஒருத்தி.
லானி கூப்பிட்டுக் கேட்டபோது
ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டாளாம்,
கூடவே, ஜன்னல்களை யாராவது திறக்கிறார்களா என்றும்.

அதற்கு என்னிடம் கட்டம் இல்லை.

அடுத்த ஆகஸ்டில் அறைகள் பாதிக்குமேல் நிரம்பின.
இயக்குநர் கூட்டத்தில் "தாக்குப்பிடித்தோம்" என்றார்கள்.
தன்மைப் பன்மை.
நானும் தலையாட்டினேன்.

அக்டோபரில்தான் முதல்முறையாகப் போனேன்.
1428 வேண்டும் என்று கேட்டு வாங்கினேன்.
நதி பழுப்பாய், வேகமாய், ஒரு சரக்குப் படகைத் தள்ளிக்கொண்டு.
இரவு குழாயைத் தூக்கித் திருகினேன்; நின்றது.

காலையில் யாரும் கதவைத் தட்டவில்லை.
ஈரத் துண்டு தரையிலேயே கிடந்தது.
கேட்டால்தான் சுத்தம் செய்ய வருவார்களாம் இப்போது.
செனாடா எங்கே என்றேன்; ஏதோ கிடங்கில் என்றார் லானி.

கேட்டால் மட்டும் வந்தால் போதும் என்ற யோசனை
என்னுடையது.
அறைக்கு நாளொன்றுக்கு ஒன்பது டாலர் மிச்சம்.
ஆண்டறிக்கையில் அதற்கு
ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள்.