ஓரத்தில் பென்சிலால்

நாற்பத்தோரு பக்க அறிக்கை.
முசியே லாபோந்தே
முதல் பக்க ஓரத்தில் பென்சிலால்
ஒரே சொல் எழுதித் திருப்பியிருந்தார்:
ஜெஜூன்.

போர்ட் லூயிஸில் மணி ஒன்று.
மின்விசிறி திரும்பும்போதெல்லாம்
காகிதம் தலையெடுத்துப் படுக்கிறது.
அகராதியைத் திறந்தேன்.
சாரமற்றது, சப்பென்றிருப்பது,
படிப்பவருக்குத் தீனி போடாத எழுத்து.
சரிதான்.
அதற்கும் கீழே பொடி எழுத்தில்
அந்தச் சொல்லின் பிறந்த வீடு:
லத்தீனில் அது உண்ணாத வயிறு.

பிணத்தை அறுத்துப் பார்த்த பழைய வைத்தியர்கள்
சிறுகுடலின் நடுப்பகுதி எப்போதும் காலியாயிருக்கக் கண்டு
அதற்கும் இதே பெயரை வைத்தார்களாம்.
எல்லோருக்குள்ளும் எட்டடி நீளத்துக்கு
ஒரு பட்டினி சுருண்டிருக்கிறது.
முசியே லாபோந்தேவுக்குள்ளும்.

அவர் அறைக் கதவில் அட்டை தொங்குகிறது:
தெஜெனே.
சாப்பிடப் போயிருக்கிறார்.
அந்தப் பிரெஞ்சுச் சொல்லும் இதே வயிற்றில் பிறந்ததுதான்.
முன்னால் ஒரு 'தெ' ஒட்டிக்கொண்டு
பிழைத்துவிட்டது.

நான் எழுதியது இவ்வளவுதான்:
வாக்வா, தையல் ஆலை, இரண்டாம் ஷிஃப்ட்.
சாப்பாட்டு இடைவேளை அரை மணி என்று சுவரில் இருக்கிறது.
மார்ச் மாதம் பத்தொன்பது நாள்
சுவரில் மட்டும் இருந்தது.
பதினேழாம் மேசை, ரொசெலின்: சாப்பிடவில்லை.
பதினெட்டு, டாக்காவிலிருந்து வந்த ஷெஃபாலி: சாப்பிடவில்லை.
பத்தொன்பது, கனகாம்பா வீராப்பேன்: சாப்பிடவில்லை.
வேறெப்படி எழுதுவது இதை,
மிளகாய்ச் சட்னி தொட்டா?

கனகாம்பா கிரியோலில் சொன்னாள்:
காவடிக்குப் பத்து நாள் கரேம் பிடிப்பேன் மிஸ்,
பசியே தெரியாது.
இது வேற.

வேறுதான்.
தமிழில் விரதம் இருக்கிறோம்,
பட்டினி கிடக்கிறோம்.
இருப்பதற்கும் கிடப்பதற்கும் நடுவே
எவ்வளவு தூரம் என்று லத்தீனைக் கேட்க முடியாது,
அது செத்துப்போய் நாளாயிற்று.
கனகாம்பாவைக் கேட்கலாம்.
அவளுக்கு இந்த வினைச்சொற்கள் தெரியாது,
தூரம் தெரியும்.

ரப்பரை எடுத்தேன்.
பிறகு வைத்துவிட்டேன்.
பென்சில் சொல்லை அப்படியே ஓரத்திலிருந்து நகர்த்தி
அறிக்கைக்குத் தலைப்பாக
மையில் எழுதினேன்.

கதவில் அட்டை கழற்றும் சத்தம்.
மணி இரண்டு.
மேசைக்கடியில் என் டப்பா
மூடியபடியே இருக்கிறது.