செவ்வாய்க்கிழமை, வழுவூர்

செவ்வாய்க்கிழமை எனக்கு வழுவூர்.
ஒரு வேப்பமரம், ஒரு குழு, பதினொரு பெண்கள்,
ஆளுக்கு எழுநூற்றிருபது.
வராதவள் பங்கை மற்றவர்கள் போட வேண்டும்.
போடும்வரை வண்டியை விட்டு இறங்க மாட்டேன்.
கூலிங் கிளாஸ், தோல் பை, இன் பண்ணிய சட்டை.

இதே ஊரில்தான்
ஓடு ஏந்தி ஒருத்தன் வாசல் வாசலாக வந்தான்,
ரிஷிகளின் மனைவிகள் வளை கழலப் பின்னால் போனார்கள்
என்கிறது தலபுராணம்.
என் பின்னால் யாரும் வரவில்லை.
கொல்லை வழியே ஓடினார்கள்.
அதையும் வெற்றி என்றே எழுதிக்கொண்டேன்.

முப்பத்தெட்டு வயதுவரை
ஆண் என்றால் வீரட்டம் என்றிருந்தேன்.
கொய்வது, எரிப்பது, உதைப்பது, உரிப்பது.
பாதித் தலங்கள் என் ரூட்டில்தான்.
காமன் வெந்த குறுக்கையில் பெட்ரோல் போடுவேன்.
எமன் உதைபட்ட கடவூரில்
அறுபதாம் கல்யாணக் கூட்டத்தில் வண்டி சிக்கும்.
பறியலூரில் பாக்கி அதிகம்.

கண்டியூருக்கு மட்டும் போவதில்லை.
அங்கே அப்பா இருக்கிறார். பஞ்சநதம்.
குடமுருட்டிப் பக்கம், மோட்டார் கொட்டகையில், தனியாக.
ஒரு தை மாதம் நெல் காய்ந்த களத்தில்
கூலிக்கு வந்தவர்கள் பார்க்க,
'இனிமே இந்த வீட்டுல உங்க பேச்சு செல்லாது' என்றேன்.
வாய் திறந்தபடி நின்றார்.
ஐந்தில் ஒன்று போனால் என்ன,
நான்கு தலை போதாதா அவருக்கு என்று நினைத்தேன்.

கொய்ய ஒரு நொடி.
கொய்த தலை உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது
கதையிலேயே இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை.
சட்டைப் பொத்தான் போடும்போது இருந்தது.
மகன் தலையைத் தடவப் போனால்
நடுவில் ஓடு.
எழுநூற்றிருபது, எழுநூற்றிருபது, எழுநூற்றிருபது,
எதைப் போட்டாலும் நிரம்பாத ஓடு.

ஐப்பசி அடைமழை. குழு கூடவில்லை.
தையல்நாயகி மட்டும் குடையில்லாமல் வந்து
ஈரப் பத்து ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.
'வீட்லயும் இப்படித்தான் கத்துவீங்களா சார்?'
கிண்டல்கூட இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

கோயிலுக்குள் ஒதுங்கினேன்.

யானையின் தோல் அவனைச் சுற்றி விரிந்திருந்தது.
வயிற்றுக்குள் அவன் போனதும் உலகம் இருண்டதாம்.
எவ்வளவு நேரம் உள்ளே இருந்தான்
என்று குருக்களைக் கேட்டேன். தெரியாது என்றார்.
எனக்குக் கொஞ்சம் தெரியும்.
அந்த இருட்டில் காய்ந்த நெல் வாடை அடிக்கும்.
ஏவியது முனிவர்களா, தீனி போட்டு வளர்த்தது தானேவா
என்பது உள்ளே போனால்தான் குழம்பும்.
வெளியே வந்தவன் யானையை வீசி எறியவில்லை.
ஈரத்தோடு, ரத்தத்தோடு
எடுத்துப் போர்த்திக்கொண்டான்.

பக்கத்தில் அம்மை,
ஓடப் போகிற உடம்போடு, இடுப்பில் பிள்ளையோடு.
ஒரு விரல் நீண்டிருக்கிறது.
தாயின் விரலா பிள்ளையின் விரலா,
எண்ணெய் விளக்கில் தெரியவில்லை.
'அதோ அப்பா' என்கிறதா
'அதோ யானை' என்கிறதா, அதுவும்.

என் வண்டிச் சத்தம் கேட்டதும்
நிரஞ்சன் டி.வி.யை அணைப்பான்.
மரியாதை என்றிருந்தேன், இத்தனை வருஷமும்.

ஞாயிற்றுக்கிழமை கண்டியூர் போனேன்.
என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது
பேச்சுக்கு வரவில்லை.
மோட்டார் தண்ணீர் எடுக்காமல் உறுமிக்கொண்டிருந்தது.
அப்பா நிமிரவில்லை.
இருந்த தலை முழுக்க நரைத்திருந்தது.
'குழா வாயைக் கையால அடைச்சுப் பிடி' என்றார்.
பிடித்தேன்.
உள்ளேயிருந்து எதுவோ உந்தியது.
விரலிடுக்கில் காற்று, செம்மண் கலங்கல், பிறகு தண்ணீர்.
ஓடு எப்போது விழுந்தது தெரியாது.
மோட்டார் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

வழுவூரில் அந்த வாரம்
மூவாயிரத்து அறுநூறு பாக்கி.
வண்டியை விட்டு இறங்கி, மரத்தடியில் உட்கார்ந்து, எழுதிக்கொண்டேன்.
என் கைக்காசைப் போடவில்லை.
அவ்வளவு வளரவில்லை இன்னும்.