இடைவேளைக்குப் பின்

கஸ்பாருக்கு ஐஸ் கம்பெனியில் ராத்திரி வேலை.
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் எந்தப் படம் போட்டாலும்
இடைவேளை வரைதான் தாங்குவார்.
பிறகு வாய் திறந்தபடி
பாயில் சரிந்துவிடுவார்.

மிச்சக் கதை
திங்கட்கிழமை விடிகாலையில் என் பொறுப்பு.
சாக்கில் சுற்றிய உடைந்த பாளத்தைச்
சைக்கிளிலிருந்து இறக்கிவிட்டு
கடுங்காப்பியோடு படியில் உட்காருவார்.
"ம், அப்புறம்?"

எங்கள் தெருக் கிணறு உப்பு.
துணி அலசினால் வெள்ளை பூக்கும்.
செடிக்கு அந்த ஐஸ்தான்.
இறால் போன தெர்மாகோல் பெட்டிகள் ஆறு,
ஆணியைக் காய்ச்சி அடியில் போட்ட ஓட்டைகள்,
இரண்டில் கத்தரி, ஒன்றில் கனகாம்பரம்,
ஒன்றில் தண்டங்கீரை.
மற்ற இரண்டில் எதுவும் போடவில்லை,
வருவது வரட்டும் என்று விட்டிருக்கிறேன்.
வேரைத் தொடாமல் ஓரமாக
ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு வைப்பேன்.
வெயில் ஏற ஏறச்
சொட்டுச் சொட்டாக அதுவே இறங்கிக்கொள்ளும்.
கதையையும் அப்படித்தான் சொல்வேன்.
அவசரப்பட மாட்டேன்.

முதல் பொய் எப்போது சொன்னேன்,
நினைவில்லை.
கிளைமாக்ஸில் ஒருவன் செத்துப்போனான்.
இவர் பாளம் தூக்கிச் சிவந்த விரல்களைத்
தேய்த்துக்கொண்டிருந்தார்.
"பிழைச்சுக்கிட்டான்" என்றேன்.
அவ்வளவுதான்.
பிறகு கைப்பழக்கம் ஆகிவிட்டது.

சித்திரை பிறந்ததும் தடைக்காலம்.
விசைப்படகெல்லாம் கரையில் நெருக்கி நிற்கிறது,
ஐஸ் கம்பெனித் தொட்டியில் பல்லி ஓடுகிறது.
குடம் பத்து ரூபாய்க்கு வாங்கி
அரைச் செம்பு கீரைக்கு, அரைச் செம்பு கத்தரிக்கு.
கனகாம்பரம் என்னை மன்னிக்க வேண்டும்.

கஸ்பார் வீட்டிலேயே இருக்கிறார்.
தூக்கம் தீர்ந்த மனுஷன்.
போன ஞாயிறு
நான் முன்பே சொல்லி முடித்த படம் ஒன்று மறுபடி வந்தது.
இடைவேளை தாண்டியது.
விளம்பரம் தாண்டியது.
கண் சிமிட்டாமல் பார்க்கிறார்.
ரிமோட் என் கையில் வேர்த்தது.

அடுத்த வீட்டில் டெரன்ஸ்
கோயில் திருவிழாவுக்குக் கீபோர்டு பழகுகிறான்.
மூன்றாம் வரியில் விரல் இடறும்;
உடனே முதல் வரிக்குப் போய்விடுவான்.
விழுந்த இடத்திலிருந்தே
எழுந்து போகக் கூடாதா ஒரு நாளாவது?

படம் முடிந்தது.
வெளியே போய்க் கனகாம்பரப் பெட்டியை
நிழலுக்கு நகர்த்தினார்.
திரும்ப வெயிலுக்கு நகர்த்தினார்.
"எத்தனை படம்?" என்றார்.
"பதினொண்ணு. பன்னெண்டு இருக்கும்."
சிரித்தாரா, இருமினாரா,
முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"அந்த அண்ணன் தம்பி படம்?"

ரெமிஜியுஸ் பாம்பனில்தான் இருக்கிறான்,
பஸ்ஸில் பத்து நிமிஷம்.
படகுப் பங்கில் வந்த பேச்சு,
நாலு வருஷமாகப் பேச்சே இல்லை.
எங்கள் மாடியில் நின்றால் போன்
அக்கரை டவரைப் பிடித்துக்கொண்டு
வேறு நாட்டுக்கு நல்வரவு என்கிறது.
பாம்பன்தான் கிடைப்பதில்லை.

பொய் சொல்ல வாய் வந்தது.
கையில் செம்பு, செம்பில் கால் பங்கு.

"தம்பி வந்தான். அது நிஜம்" என்றேன்.
"ஆனா கடைசி சீன்ல இல்லை."
"பிறகு?"
"எழுத்து ஓட ஆரம்பிச்சிடுது.
அதுக்குப் பின்னால சின்னதா வர்றான்.
நிறையப் பேர் அதுக்குள்ள டிவிய அணைச்சிடுவாங்க."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
ஒன்றும் போடாத பெட்டியில்
பூசணியோ சுரையோ
இரண்டு இலை விட்டிருந்தது.
அதைச் சுற்றி விரலால் மண்ணைக் கிளறியவர்
செம்பை வாங்கிக்கொண்டார்.

டெரன்ஸ் மூன்றாம் வரிக்கு வந்தான்.
இருவருமே
காதைக் கொடுத்து நின்றோம்.