சொந்த விருப்பம்

தீவனக் கம்பெனி கதவில் பூட்டுத் தொங்கிய காலையில்
நாற்பத்தோரு பேர் வெளியே நின்றோம்,
கையில் சோற்றுத் தூக்கு.
உள்ளே வாய் தைக்காத மூட்டைகள்.
புண்ணாக்கு வாசம் மட்டும்
யாரையும் கேட்காமல் ரோட்டுக்கு வந்து போனது.

முப்பது நாள் கழித்து
இ-சேவைக் கடையில் ஹுதா
திரையை என் பக்கம் திருப்பினாள்.
விலகிய காரணம்: சொந்த விருப்பம்.

"யார் விருப்பம்?"
"உங்க விருப்பம்தானாம் அண்ணே."

அத்தோடு விட்டதா.
எவனோ அவசரத்தில் முதல் எழுத்துக்குப் பின்னால்
ஓர் இடைவெளி விட்டிருக்கிறான்.
சபாநாயகம் ஆகிய நான்
நாலு வருஷம் ஏழு மாதம்
எஸ். அபாநாயகமாக வேலை பார்த்திருக்கிறேன்.
பி.எஃப். பிடித்ததெல்லாம் அவன் கணக்கில்.
முன்பின் தெரியாத ஆள்.
முதுகுவலியை மட்டும் என்னிடம் விட்டுப் போயிருக்கிறான்.

விரலை வையுங்கள் என்றாள்.
வைத்தேன். பொருந்தவில்லை.
வேட்டியில் துடைத்து வைத்தேன். பொருந்தவில்லை.
கோணி ஊசியும் சணலும் தேய்த்த கட்டைவிரல்.
வைத்தீஸ்வரன்கோயிலில் தெருவுக்கு நாலு பலகை;
பெருவிரல் ரேகை கொடுத்தால் போதும்,
பிறந்த நாழிகை முதல் போகும் நாள் வரை
ஓலை எடுத்துப் படிக்கிறார்கள்.
அதே ஊரில் அதே விரலை
என் பணத்துக்கு அடையாளம் தெரியவில்லை.

பெயர் திருத்த கம்பெனி கையெழுத்து வேண்டும்.
முதலாளியின் நம்பர் உபயோகத்தில் இல்லை.
கணக்குப் பார்த்த வில்வநாதன்
குத்தாலம் கடைத்தெருவில் பால் ஏஜென்சி எடுத்திருந்தார்.
மூன்று முறை பஸ் ஏறினேன்.
மூன்றாம் முறை, பாக்கெட் ஈரம் காயாத கையால்
கல்லாவிலிருந்து முத்திரை எடுத்துக் குத்தினார்.
"காரணத்தையும் மாத்திக் குடுங்க சார்."
"அது நான் போட்டதில்லப்பா. போடச் சொன்னாங்க."

பணம் வந்தது, பத்தில் ஒன்று குறைந்து.
ஐந்து வருஷம் முடியவில்லையாம்.
கம்பெனி மூடியதால் போனேன் என்றிருந்தால்
பிடித்திருக்க மாட்டார்களாம்.
சொந்த விருப்பத்துக்கு வரி உண்டு:
எட்டாயிரத்து முந்நூறு.
வரி கட்டும் அளவு நான் ஒருநாளும் சம்பாதித்ததில்லை.
அதைச் சொல்லத்தான் ரிட்டர்ன் போட வேண்டும் என்றாள் ஹுதா.
"இல்லாதவன்னு எழுதிக் குடுக்க எவ்வளவும்மா?"
"இருநூத்தம்பது. உங்களுக்கு இருநூறு."

இ.எஸ்.ஐ.யில் வேலையிழந்தவனுக்கு ஒரு படி இருக்கிறது.
தொண்ணூறு நாள், பாதிச் சம்பளம், ஆயுளுக்கு ஒரே முறை.
"ஒரு குறுவைக்கு ஓடும்" என்றாள் தையல்நாயகி.
கவுண்டரில் இருந்தவர் தாளைப் பார்த்தார்.
"நீங்களா விட்டுட்டு வந்தா கிடையாதே."
செல்போனில் பூட்டின் படத்தைக் காட்டினேன்.
பெரிதாக்கிப் பார்த்தார்.
நல்ல பூட்டு. அலிகார் பூட்டு.
"போட்டோ ஆவணம் ஆகாது.
வச்சிட்டுப் போங்க, பாப்போம்."

பரிசீலனையில்.
பரிசீலனையில்.
மேட்டூர் திறந்தாச்சு என்று டி.வி.யில் பூத் தூவுவார்கள்;
எங்கள் மதகில் முதல் ஈரம் தட்ட
ஆடி பாதி தாண்டும்.
காத்திருக்க எங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம்.
கேஸ்காரனுக்குத்தான் நடத்த வேண்டும்.

ஐப்பசி அடைமழையில் ஒரு ராத்திரி
கரண்ட் இல்லாத வீட்டில் செல்போன் மட்டும் வெளிச்சமானது.
எட்டாயிரத்து முந்நூறு.
மேற்கொண்டு வட்டி, இருநூற்றுத் தொண்ணூறு.
தையல்நாயகி மூன்று முறை படித்தாள்,
தொகையை இல்லை, பெயரை.
"சரியாத்தான் போட்டிருக்கான்."
பிறகு அரிசி டப்பாவுக்கு அடியில்
ஒழுகும் இடம் பார்த்துக் கிண்ணம் வைத்தாள்.

படி இன்னும் வரவில்லை.

நேற்று சீர்காழி பைபாஸ் பெட்ரோல் பங்கில்
ஒரு விண்ணப்பம் நீட்டினார்கள்.
முந்தைய வேலையை விட்டதற்குக் காரணம்.
அதற்கு விட்டிருந்த இடம்
ஒரு விரற்கடை.
பேனாவை உதறிவிட்டு
பூட்டு என்று எழுதினேன்.

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார்.
"சொந்த ஊரே பூட்டா?" என்றார்.