நிற்கும் தூரம்

கடை சாத்தும்போது ஒன்பதே முக்கால்.
ரோட்டில் கடைசி தேங்காய்ப்பட்டணம் பஸ்
ஹாரனை ஒருதரம் அழுத்திவிட்டுப் போனது.
இனி இந்தப் படி எனக்கு.

மூன்றைக் கழற்றினால் உள்ளே இறங்கலாம்.
கிரீஸ் வாடை. காய்ந்த தோவாளைப் பிச்சி.
ஊக்கு ஒன்று, ஜெபமாலை மணி நாலு,
ஏதோ ஒரு பிள்ளையின் ரப்பர் செருப்பில்
சீப்புப் பல் கடித்தெடுத்த துண்டு.
மேலே பட்டுக்குப் போகிறவர்கள் உதிர்ப்பது
கீழே என் மடியில்.

கோணம் ஐ.டி.ஐ. நேர்முகத்தில் கேட்டார்கள்,
படி எப்படிப் படியாகிறது?
ஒன்றுக்கு நாலு சக்கரம் சார்.
ரெண்டு ஒரு தண்டவாளத்தில், ரெண்டு வேறொன்றில்.
நடுவிலுள்ள இடைவெளி மாற மாற
தரை எழுந்து படியாகும்,
படி அடங்கித் தரையாகும்.

முதலில் யோசித்தவர் காகிதத்தோடு நின்றுவிட்டார்.
பிறகு ஒன்று ஓடியது, அமெரிக்காவில்,
கடற்கரை ராட்டினங்களுக்கு நடுவே. ஏழடி உயரம்.
எங்கும் போய்ச் சேர்வதற்கில்லை,
ஏறினேன் என்று ஊரில் சொல்லிக்கொள்ள.
லண்டன் கடை ஒன்றில் ஏறி முடித்தவர்களுக்கு
பிராந்தி ஊற்றிக் கொடுத்தார்களாம், வெப்ராளம் அடங்க.
இங்கே ரோஸ்மில்க்.

பின்பக்கம் சிமெண்டுப் படி,
மாடிக்கு இருபத்தி நாலு.
புடவை எடுத்துப் போடுகிற பெண்கள் அதில்தான்,
கட்டும் சுமந்து.
எங்கேயும் எழுதி ஒட்டவில்லை.
மேனேஜர் தாணுமூர்த்தியின் கண்ணில் எழுதியிருந்தது.

"பிரேக் பாக்கணும் சார். ஆள் எடை வேணும்.
ஒம்பது பேரு."
அவர் வாட்சைப் பார்த்தார். சரி என்றார்.

சாவியைத் திருப்பினேன்.
சீப்புக்கு முன்னால் எட்டுப் பேரும் நின்றுபோனார்கள்,
பகலெல்லாம் அதன் பக்கத்திலேயே நின்றவர்கள்.
ரோஸ்லெட் முட்டத்துக்காரி.
"அலைக்கு நிக்கது மாதிரி நில்லுங்க பிள்ளே.
ஒண்ண விடு. அடுத்தத பிடி."
பிடித்தாள்.
பாதி வழியில் திரும்பிக் கேட்டாள்,
"மேல வந்த படியெல்லாம் எங்க போவுது?"
அடியில, தலைகீழா, திரும்பிக் கீழதான்.
"அப்பம் இழுவை உண்டு" என்றாள்.
கரைக்கு வரும் தண்ணியை விட்டுவிட்டு
திரும்பும் தண்ணிக்குப் பயப்படத் தெரிந்தவள்.

ஷிபானாவின் கை அவளுக்கு முன்னால் போனது,
கைப்பிடி ஒரு நூல் முந்தி ஓடும்.
தன் கையை எட்டிப் பிடிக்கப்போகிறவள்போல் சிரித்தாள்.
சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.
ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து
ஐயோ என்றும் இன்னொருக்கா என்றும்.
ஒரு சாண், நாலு விரல். சாக்கட்டியால் கோடு போட்டேன்.

ஒன்பதாவது ஆள் மேலே நின்றாள்.
தங்கலீலா அக்கா, பதினோரு வருஷம்.
"இது எறங்கவும் செய்யுமா?"
இல்லக்கா, ஏறத்தான் போட்டிருக்கு.
"ஏறிருவேன் மக்களே. எறங்கும்பதான்
முட்டு உயிரெடுக்கும்."
பின்பக்கக் கதவை நோக்கித் திரும்பினாள்.

பதினோரு வருஷமாய்
ஏறுவதற்குத்தான் வழி செய்திருக்கிறோம் எல்லோரும்.
மோட்டாருக்கு என்ன, எந்தப் பக்கமும் சம்மதம்.
எல்லோரையும் இறக்கி நிறுத்தி,
சாவியை எதிர்ப்பக்கம் திருப்பினேன்.

தரையிலிருந்து ஒரு படி பிரிந்தது.
அவள் அதில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்,
கோயிலுக்குள் போகிறவள்போலக்கூட இல்லை,
வழுக்கிவிடும் என்றுதான்.
பதினெட்டு விநாடி.
முழங்கால் மடங்காமல் ஒரு மாடி இறங்கினாள்.
யாரும் கைதட்டவில்லை. தாணுமூர்த்தி
லைட்டை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார்.

பதிவேட்டில் பிரேக் சரி என்று
நேற்றே எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன்.
இன்றைய தேதிக்கு நேரே என்ன எழுத?
செருப்பு மேலேயே கிடந்தது.
ரோஸ்லெட் இருபத்தி நாலும் ஏறிப்போய்
எடுத்து வந்தாள்.